வெண்பூச்சின் கீழொரு முகம்

பனிக்கட்டியின் நெடுந்துயில் கலைந்து, உடைந்த பாளங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு முழங்கியபடி வொல்காப் பேராறு நகரைக் கடந்துகொண்டிருந்த இளவேனிற் காலையில், அதன் கரையமைந்த உழைப்பாளர் பூங்கா, ஈரம் கசியும் பூர்ச்ச மரங்களுக்கிடையே சுண்ணச்சாந்தில் வடித்த தன் சுதைமாந்தரை ஒவ்வொருவராய் வெயிலுக்குக் காட்டிற்று. கதிர்க்கட்டு சுமந்தவள், வட்டெறிய வளைந்தவன், புறாவைப் பறக்கவிட்ட சிறுமி என, ஆலையிலும் வயலிலும் வியர்த்தோர்க்கே அங்கு பீடங்கள் எழுந்திருந்தன. இதை மிகையென நகைக்கும் பெரியோர், தம்மைப் பெற்றவளை எவரேனும் என்றேனும் ஒரு பீடத்தில் ஏற்றியதுண்டா என்று எண்ணிப் பார்த்துவிட்டு நகைக்கட்டும்.

அவருள் தலையாயவள் துடுப்பேந்திய நங்கை. சிற்பியின்முன் நின்று அவளுக்கு உருக்கொடுத்தவள் நெசவாலைத் தொழிலாளி நியூரா. பின்வந்த பெரும்போரில், காயமுற்றோரைத் தோளில் சுமந்து மீட்கையில் நியூரா மாண்டாள். குண்டுவீச்சில் வீடெரிந்தபோது அவள் நிழற்படங்களும் சாம்பலாயின. கைக்குழந்தையாய்ப் பிழைத்த மகள் ரிம்மா, தன் குடியில் முதன்முதல் பட்டம் பெற்றுப் பாலங்கட்டும் பொறியாளராய் உயர்ந்தும், ஈன்றவளின் முகமறியாள். அறிந்தோரைக் கேட்டால் ஒருவர் வட்டமுகம் என்பார், மற்றவர் நீளமுகம் என்பார். சிலையைக் காண்போமெனிலோ, ஆண்டுதோறும் மே நாளுக்கெனப் பூசிய வெண்பூச்சு ஏட்டின்மேல் ஏடாய்த் தடித்து, கண்ணும் மூக்கும் பனி மூடிய தடம்போல் மறைந்துகிடந்தன.

அவ்வாண்டும் ஏணியும் வாளியுமாய் வந்தாள் பூச்சுக்காரி கிளாவா. ரிம்மா மறித்து நின்றாள்.

"இவங்களைத் தொடாதீங்க, கிளாவா அத்தை."

"ஏன்டி பொண்ணே, மே நாளைக்கு ஊரே குளிச்சு உடுத்தி நிக்கும், உங்கம்மா மட்டும் அழுக்கா நிக்கணுமா?"

"எங்கம்மாவுக்கு மூஞ்சி எங்க இருக்கு? பூசிப் பூசி, பிசைஞ்ச மாவு மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க. இதுக்குப் பேரு மரியாதையா?"

"கத்தாதே. பூசாம விட்டா பூங்கா அதிகாரி என்னைத்தான் திட்டுவான்."

"அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"நீ பேசினா அந்த மனுசன் படுத்துருவான்." கிளாவா ஏணியை அவள்பக்கம் தள்ளினாள். "சுரண்டி அந்தா இருக்கு. பூச்சோட சேர்ந்து மூக்கும் கையோட வந்துருச்சுன்னா என்கிட்ட வந்து அழக்கூடாது."

அந்த அச்சத்தோடே ரிம்மா ஏணியேறினாள். வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றி, அரும்பின் இதழ் பிரிப்பாள்போல் ஏடேடாய் நீக்கினாள். பொழுது சாய்வதற்குள் ஒரு புருவம் தோன்றியது, மற்றதினும் சற்றே உயர்ந்து, பின் கூர்மூக்கு, பின், எவருக்கோ எதிர்மொழி சொல்ல வாயெடுத்து நிறுத்தியதுபோல் ஓரம் மடிந்த உதடு. அரசாணைக்கு வடித்த சிலையில் உயிரிராது என்று கற்றோர் சொல்வர். அவ்வுதட்டைக் கண்டிருந்தால் வாய்மூடியிருப்பர்.

"அட, இது உன் மூஞ்சிதான்டி," என்றாள் கீழே நின்ற கிளாவா. "சண்டைக்கு நிக்கற மாதிரியே இருக்கு பாரு."

ரிம்மா சிரிக்க முயன்றாள். முடியாமல், குளிர்ந்த சுதைக்கன்னத்தில் தன் கன்னம் பதித்து அழுதாள்.

வேனில் முழுதும் நெசவாலைப் பெண்டிர் வந்து வந்து பார்த்தனர். "நியூராவேதான். மேற்பார்வைக்காரனை முறைக்கிறப்ப இப்படித்தான் நிப்பா," என்றாள் ஒருத்தி.

இலையுதிர்கால மழை தொடங்கியதும் அக்கன்னத்தில் மயிரிழை போலொரு வெடிப்பு ஓடிற்று. பதைத்துத் திரும்பிய ரிம்மாவின் கண், பூங்காவின் கோடியில் காஞ்சொறிப் புதருள் நின்ற வட்டெறிவோன்மேல் பட்டது. அரிப்புக்கு அஞ்சிப் பூச்சுக்காரர் எவரும் பல்லாண்டாய் அண்டாத அவனுக்கு முகமே இல்லை. உதிர்ந்த சுதையினின்று துருவேறிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. எதைப் பகையென்று சுரண்டினாளோ, அதுவே தன் தாயைக் காத்த போர்வை என்பது அவளுக்கு அப்போது விளங்கிற்று.

மழை ஓய்ந்து சுதை உலர்ந்ததும் கிளாவாவின் வாயிலில் போய் நின்றாள்.

"அத்தை, தூரிகை குடுங்க."

"பூசக்கூடாதுன்னு அந்தக் குதி குதிச்ச?"

"பூசணும். ஆனா தண்ணியா, மெலிசா. வருசா வருசம் பழசை எடுத்துட்டுத்தான் புதுசு."

"அதுக்கு யாரு மெனக்கெடறது?"

"நான்தான். வேற யாரு?"

யாருடைய முகமென்று அறியாமலே ஆண்டுதோறும் ஏணியேறிய பெயரில்லாக் கைகள் எத்தனையோ. தாம் மறைத்த முகத்தை, சுதையை உதிர்க்கும் மழையினின்றும் பனியினின்றும் தாமே காத்து, மகளிடம் சேர்த்தன அவை. முதற்பனி இறங்கிய காலை, குழந்தைக்குக் கம்பளி போர்த்துவதுபோல் மகள் போர்த்திய மெல்லிய வெண்மையினூடே, அந்தப் புருவம் உயர்ந்தேயிருந்தது. உதடு, சொல்லவந்ததை இன்னும் சொல்லவே நின்றது.