மூடிய மலையில் உப்பு

2014 மே மாதக் கடைசியில், பூட்டானின் கிழக்கே தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் எங்கள் தாங்சே கிராமத்தில் ஏரிச் சரிவை மூடினார்கள். பாதையின் குறுக்கே ஜூனிப்பர் கிளை ஒன்று போடப்பட்டது.

கிளைக்கு அப்பால் மனிதக் கால் படக்கூடாது. மலைத் தெய்வம் உறங்கும் காலம். கலைத்தால் ஆலங்கட்டி விழுந்து பார்லிக் கதிர் உதிரும். விலங்குகளுக்குத் தடை இல்லை.

பெல்தோனின் ஒரே கறவை யாக் மாடு சோக்மோ, நிறைசினையோடு கிளையைத் தாண்டி மேலே போய்விட்டது. மலையை மூடுவதற்கு முன்தினம் மந்தைக்காக மேலே தட்டைப்பாறையில் உப்புக்கட்டி வைத்தவள் பெல்தோன்தான். பனிமூட்டம் இறங்கவே மந்தையை அவசரமாக ஓட்டி வந்தவள் உப்பை மறந்துவிட்டாள். சோக்மோ மறக்கவில்லை.

கிளைக்கு இப்பால் ஒரு கல்லில் அவள் தினமும் வந்து உட்கார்ந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடவும் வழியில்லை. சத்தம் மேலே போகும்.

"என்னக்கா, மலைக்குக் காவல் நீயா, நானா?" பூங்காக் காவலன் ஜுர்மே கேட்டான். அவளுடைய சித்தப்பா மகன்.

"மெதுவாப் பேசுடா."

"ஓடைப் பக்கம் செந்நாய்த் தடம் பாத்தேன்."

"அதச் சொல்லத்தான் வந்தியா? வெத்தல இருந்தா குடுத்துட்டுப் போ."

கொடுத்தான். போகவில்லை. "நான் வேணா மேல போய்ப் பாக்கட்டுமா? யூனிஃபார்மோட போனா அரசாங்கம் போன கணக்குதானே?"

"தொப்பிக்குள்ள இருக்கறது சித்தி பெத்த தலைதானே? ஆலங்கட்டி முதல்ல அவ வயல்லதான் விழும்."

அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

பனிமூட்டம் மலையை மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. விலகும்போது ரோடோடெண்ட்ரான் மரங்கள் சிவப்பாகத் தெரிந்தன. மூடிய பிறகும் அந்தச் சிவப்பு கண்ணுக்குள் நின்றது. தேவதாரு கிளையில் செம்பாண்டா ஒன்று வாலை முகத்தில் போர்த்தித் தூங்கியது. மோனால் கோழிகள் மண்ணைக் கிளறிவிட்டு நீலக் கசகசாப் பூக்களுக்கிடையே மறைந்தன. பெல்தோனுக்குக் கண் சொருகியது. யாரோ மிகப் பெரியவர் மூச்சுவிடுவதுபோல் சரிவு ஏறி இறங்கியது. அந்த மூச்சுக்குள் எங்கோ கன்று கத்தியது. விழித்தபோது பனி மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் ஆலங்கட்டி விழுந்தது. அதன்பின் மழை நிற்கவே இல்லை.

ஊர்த்தலைவரின் மனைவி எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "யாக்கு மேல இருக்கு, நீ மட்டும் கீழயே இருந்திருப்பியாக்கும்?"

"நான் போகல."

"அப்ப ஆலங்கட்டி தானா வந்துச்சா?"

பெல்தோன் மூங்கில் குடலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மறுபடியும் கல்லுக்குப் போனாள். சோக்மோ வராது என்று ஊரே சொன்னது. ஜுர்மேயும் அப்படித்தான் நினைத்தான், அவளிடம் சொல்லவில்லை.

மழையின் மூன்றாம் நாள் மாலை, பனிக்குள் ஒரு கறுப்பு அசைந்தது. மேலேயிருந்த உப்பு மழையில் கரைந்திருக்க வேண்டும். சோக்மோ இறங்கி வந்தது. பின்னால் நனைந்த கம்பளிபோல் ஒரு கன்று. கிளையருகே வந்ததும் கன்று நின்றது. பெல்தோன் கிளைக்கு அப்பால் கையை நீட்டவில்லை. இப்பாலேயே நின்று, உள்ளங்கையில் உப்பு வைத்துக் காத்திருந்தாள். சோக்மோ தாண்டியது. கன்று கிளையில் தடுக்கி விழுந்து, எழுந்து, தாண்டியது.

"வந்துட்டியாடி, திருட்டுக் கழுதை," என்றாள், மெதுவாக.

கதிர் அறுத்த பிறகு மலையைத் திறந்தார்கள். மூடுவதற்கு முன்பே விலங்குகளைப் படமெடுக்கத் தட்டைப்பாறையருகே மரத்தில் ஜுர்மே கட்டியிருந்த தானியங்கி கேமராவை எடுத்துவந்து ஊர்த்தலைவரிடம் அவன் காட்டினான். படங்களில் சோக்மோ இருந்தது. பாறையை நக்கும் கஸ்தூரி மான்கள் இருந்தன. ஓர் இரவில் செந்நாய்கள். மனிதர் யாரும் இல்லை.

அந்த ஆண்டு பார்லி பாதிதான் தேறியது. கன்று கிடாரி.