விக்கிறதுக்கான தண்ணி

அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே தண்ணீர் கம்பெனி முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வரும். "என் தண்ணிய நான் அடைச்சு விக்கிறேன், இவனுங்களுக்கு எங்க வலிக்குது?" என்பார். நியாயம்தானே? பாவம், மனுஷன் பூமிக்கடியிலிருந்து இழுத்து, பாட்டிலில் அடைத்து, அருவிப் படம் ஒட்டி, ஊர் தாகத்தையே தீர்க்கிறார். அந்தப் புண்ணியவானிடம் போய் "சுத்தம் பண்ணினியா?" என்று கேட்டால் கோபம் வராதா?

ஆனாலும் லைசென்ஸைப் புதுப்பித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டுதான். நல்லவேளை, திடீர் சோதனைக்கு வரும் தேதியை முன்கூட்டியே போனில் சொல்லிவிடும் நல்ல வழக்கம் லைசென்ஸ் ஆபீஸில் இருந்தது. புதிதாக வந்த அதிகாரியம்மாவும் அதைக் கெடுக்கவில்லை.

மேனேஜர் வேறு யாருமில்லை, முதலாளியின் மச்சான்தான். அக்காவைக் கட்டிக்கொடுத்த கையோடு கிடைத்த உத்தியோகம். தரையைக் கழுவிவிட்டான், வேலையாட்கள் தலையில் தொப்பியை மாட்டினான், வாங்கிய நாளிலிருந்து ஓடாத சுத்திகரிப்பு மிஷினைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினான்.

அதிகாரியம்மா சுற்றிப் பார்த்தார். தலையாட்டினார். முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா, என்ன வெயில்! குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டேய் மச்சான், மேடத்துக்குத் தண்ணி!"

மச்சான் மாடியிலிருந்த வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடி, அக்கா காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீரைச் செம்போடு தூக்கிக்கொண்டு வந்தான்.

அதிகாரியம்மா செம்பைப் பார்த்தார். கூரை வரை அடுக்கியிருந்த பாட்டில்களைப் பார்த்தார். "ஏன், இங்கதான் இவ்வளவு இருக்கே?"

"ஐயோ, அது விக்கிறதுக்கு மேடம்!" என்று பதறினார் முதலாளி.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்?

அந்த அம்மா ஒரு பாட்டிலைத் திறந்து, டம்ளரில் ஊற்றி, முதலாளி பக்கம் நகர்த்தினார். "குடிங்க சார். நீங்க குடிச்சாத்தான் மேற்கொண்டு பேச்சு."

முதலாளி டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோனார். வாய் திறக்க மாட்டேன் என்றது. சட்டென்று டம்ளரை மச்சானிடம் நீட்டினார். "நீ குடிடா. நம்ம தண்ணிதானே!"

மச்சான் இரண்டடி பின்னால் போனான்.

"மாமா, நான் பிள்ளகுட்டிக்காரன்!"

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான் தம்பி" என்றபடி எழுந்த அதிகாரியம்மா, வாசல் பூட்டு எங்கே என்று கேட்டார்.