ராஜா தாவிய ஞாயிறு

ரமாபாய் தான் எழுதிய செஸ் புரோகிராமுக்கு வைத்த பெயர் ‘பேஜாரு’. எதிராளிக்குக் கொடுக்க வேண்டியது அதுதான் என்பது அவள் கட்சி. தொண்ணூறாம் வருஷம் மணலியில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தபோது, சாப்பாட்டு நேரங்களில் வரிவரியாக எழுதியது. ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் கீபோர்டுமாக மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவளைப் பார்த்து, "எங்கியோ காப்பி அடிச்சது" என்று ஒருத்தர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் வயிறு எரியாதா? பதினாலு வருஷமாக அவளுக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

சொன்னவர் ராயபுரம் செஸ் கிளப் செகரட்டரி பிராங்கிளின். ரயில்வே உத்தியோகம். கெட்டவர் இல்லை, வாய் மட்டும் ஸ்டேஷன் மைக்கு. "வெளிநாட்டு ஃபிளாப்பில பேர மட்டும் மாத்திக்கினு வந்துட்ச்சு" என்று அவர் சொன்னதை மறுக்க ரமாபாயிடம் அத்தாட்சி கிடையாது. கம்பெனி பழைய மெஷின்களைக் கழித்துக்கட்டியபோது அவள் எழுதிய வரிகளும் சேர்ந்தே போய்விட்டன. மிஞ்சியது ஓடுகிற புரோகிராம் மட்டும், ஒரே ஒரு ஃபிளாப்பியில். அது ஆடும், தன்னை யார் பெற்றது என்று சொல்லாது.

புரோகிராம் பாதி எழுதியிருந்தபோது அவள் கிளப்புக்கு வந்த முதல் நாளே இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு மாடிப்படிகளில் ஆடும் செஸ்ஸுக்கு ஒரு சட்டம் உண்டு. இதுவரை செக் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். ரமாபாய்க்குத் தெரிந்த செஸ் அதுதான். கிளப்பிலும் கூசாமல் ராஜாவைத் தாவவிட்டாள். "இன்னாம்மா இது, ராஜாவா தவளையா?" என்று பிராங்கிளின் கேட்க, கிளப்பே விழுந்து விழுந்து சிரித்தது. உலகச் சட்டத்தில் அந்தத் தாவல் கிடையாது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாயிரத்து நாலில் கிளப்புக்கு இரண்டு பென்டியம் ஃபோர் கம்ப்யூட்டர்கள் வந்தன. பழைய புரோகிராம் யாரிடம் இருந்தாலும் கொண்டுவரலாம், புது செஸ் புரோகிராமோடு, அதாவது என்ஜினோடு, மோதவிடுவோம் என்று பிராங்கிளின் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அவர் வந்து சேருவதற்குள் ரமாபாய் புருஷன் வரதனோடு வாசலில் நின்றாள்.

"ஃபிளாப்பி பூஞ்ச புடிச்சிருக்கப் போவுது," என்றான் ஹார்பரில் கிரேன் ஓட்டும் வரதன்.

"நல்ல நேரத்துல நல்ல வார்த்த சொல்லு."

டிரைவ் ஒரு முறை கரகரத்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் பேஜாரு எழுந்து நின்றது. ரமாபாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. பேஜாரு சொல்வதை பிராங்கிளின் மௌஸால் புது என்ஜினில் நகர்த்துவார். என்ஜின் சொல்வதை ரமாபாய் பேஜாருவில் அடிப்பாள். ஒரு நகர்வுக்கு ஒரு நிமிஷம் யோசி என்று அந்தக் காலத்தில் எழுதியிருந்தாள். இந்த மெஷினில் அதே ஒரு நிமிஷத்தில் அது எங்கேயோ தூரம் வரை பார்த்தது.

புது என்ஜின் அவசரப்படாது. ஒரு சிப்பாய் கிடைத்தால் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு உட்காரும். பேஜாருவுக்கு உட்காரவே தெரியாது. ராணியை வெட்டுக்கு வெட்டு மாற்றிக்கொள்ளச் சம்மதிக்காது. இரண்டு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்தாவது குதிரையை எதிரி வாசலுக்கு அனுப்பும்.

"அப்படியே உன்ன மாறியே கீது ரமா," என்றான் வரதன் பெருமையாக.

"ஆட்டம் யார மாறி வேணா இருக்கும் நைனா. அது அத்தாட்சியா?" என்றார் பிராங்கிளின்.

ரமாபாய் அடுத்த நகர்வை அழுத்தி அடித்தாள். அவர் சொன்னது நியாயம்தான், அதனாலேயே கோபம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் புது என்ஜின் மெதுவாக வளைத்துவிட்டது. பேஜாருவின் ராஜா மூலையில் முடங்கிக் கிடந்தது. இன்னும் ஒரு செக்கும் விழவில்லை, ஆனால் விழப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. பேஜாரு முழு நிமிஷமும் யோசித்தது. பிறகு தன் நகர்வைக் காட்டியது.

பிராங்கிளின் மௌஸால் ராஜாவைப் பிடித்து, பேஜாரு சொன்ன கட்டத்தில் வைத்தார். அது பழைய கட்டத்துக்கே திரும்பியது. மறுபடி வைத்தார். ‘செல்லாத நகர்வு’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து விழுந்தது.

"சிப்பாய் தலைய தாண்டி வெக்கச் சொல்லுது! உன் பேஜாருக்குக் கிறுக்கு புட்ச்சிட்ச்சும்மா. செல்லாத நகர்வு, ஆட்டம் காலி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரமாபாய் திரையையே பார்த்தாள். அது அவளுடைய பழைய தாவல். கிளப்பில் சிரித்த பிறகும் அந்தத் தாவலை அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. வேறு எதை ஆடினாலும் ராஜா செத்துவிடும் என்றால் மட்டும், கடைசிக் கடைசியாக அதை எடு என்று புரோகிராமின் அடியில் எழுதி வைத்திருந்தாள். பழைய மெஷினுக்குப் பார்வை குட்டை. ஆபத்து அதற்குத் தெரிவதற்குள் செக் விழுந்துவிடும். செக் வாங்கிய ராஜாவுக்குத் தாவும் உரிமை இல்லை. அதனால் ஒரு தடவைகூட அது வெளியே வந்ததில்லை, அவளே அதை மறந்துபோயிருந்தாள். புது மெஷின் செக் விழுமுன்னே சாவைப் பார்த்துவிட்டது.

"அண்ணா, ராஜா எங்கேந்து எங்க போச்சு, நல்லா பாரு."

பிராங்கிளின் பார்த்தார். இரண்டு கட்டம் நேராக, ஒரு கட்டம் பக்கவாட்டில்.

"எந்த வெள்ளக்காரன்ணா ராஜாவ இப்டி தாவ வுடுவான்?"

மௌஸைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "தவள..." என்றார் பிராங்கிளின். "நான்தான கேட்டேன். இத்த நீதாம்மா எழுதிக்கீறே."

"ஆமா, நான்தான் எழுதினேன்," என்றாள் ரமாபாய். பதினாலு வருஷம் சொன்ன அதே வார்த்தைதான், இந்த முறை குரல் உயரவில்லை. "தோத்துட்டேன்னு போர்டுல எழுதுண்ணா. பேரையும் சேத்து எழுது."

பிராங்கிளின் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘பேஜாரு. எழுதியவர் ரமாபாய், புளியந்தோப்பு. தோல்வி.’ கிளப்பில் அத்தனை பேரும் கை தட்டினார்கள்.