விரல் கணு

சோப்பு நுரையில் அம்மாவின் மோதிரம் சுழன்றது. கணுவைத் தாண்டி வரவில்லை.

"மெதுவாக்கா, தோல் உரியுது," என்றான் தம்பி.

அம்மாவின் உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாரடைப்பு. உடம்பைக் கொடுப்பதற்கு முன் நகையைக் கழற்றிவிடச் சொல்லியிருந்தாள் நர்ஸ்.

வக்கீல் ஆபீஸில் டைப் அடித்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அம்மா. விரல் கணுக்கள் கொட்டை கொட்டையாகப் புடைத்திருந்தன. மகளுக்கு வேலை ஆய்வுக்கூடத்தில். விரல் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களின் ரத்தத்தில், உடைந்த குருத்தெலும்பின் துணுக்குகள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று அளப்பாள். போன வருடம் அம்மாவும் ரத்தம் கொடுத்தாள்.

"என்னடி சொல்லுது என் ரத்தம்?"

"அளவு சாதாரணமாத்தாம்மா இருக்கு."

"அப்போ எனக்கு வலிக்கலையா?"

"அப்படி இல்லம்மா. விரல் மூட்டு ரொம்பச் சின்னது. முழங்கால், இடுப்பு, முதுகுன்னு எல்லாத்துலேருந்தும் வர்றது ஒண்ணாக் கலந்துடும். இது விரலோடதுன்னு பிரிக்க முடியல."

"தெருக் குப்பை மொத்தமும் ஒரே வண்டியில போகுதுன்னு சொல்லு. அதுல என் வீட்டுக் குப்பையை எங்க தேடுவ, பாவம்!"

சிரித்தபடியே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த விரல்களை யாரையும் தொட விடமாட்டாள்.

"மோதிரத்தை வெட்டிடலாமா?" என்று கேட்டான் தம்பி.

"அப்பா போட்டதுடா."

"தெரியும்க்கா."

நர்ஸ் சின்ன வெட்டுக் கருவியோடு வந்தாள். விரல் அசையாமல் இருக்க, மகள் கணுவையே அழுத்திப் பிடித்தாள். கை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் இன்னும் அழுத்தினாள்.

"வந்துடுச்சு. கையை விடுங்க," என்றாள் நர்ஸ். பிறகு இன்னொரு முறை சொன்னாள்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் தம்பி நாற்காலியில் சரிந்தான். டீ போடலாம் என்று மகள் சமையலறைக்குள் போனாள். சர்க்கரை டப்பாவை மூடியைப் பிடித்துத் தூக்கினாள். மூடி மட்டும் கையோடு வந்தது. டப்பா விழுந்து, தரையெல்லாம் சர்க்கரை.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணுமில்லடா."

டீத்தூள் மூடியைத் தொட்டாள். நழுவியது. உப்பு, பருப்பு, மிளகாய்த்தூள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எதுவுமே திருகி மூடப்பட்டிருக்கவில்லை. எல்லா மூடிகளும் வாய்மேல் சும்மா வைக்கப்பட்டிருந்தன.

தம்பி துடைப்பத்தோடு வந்தான். அவள் காலி டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள். மூடியை அதன்மேல் வைத்தாள். திருகவில்லை.