வண்ணப் பட்டையில் ஏறிய கோடு

அப்பாவைச் சூளையிலிருந்து கிளப்பப் போகிற படத்தை வரைந்தவள் நான்தான். வேறு எவனாவது வரைந்திருந்தால் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டியிருப்பேன்.

தரை ஓடு செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அதாவது, முதலாளியம்மாவுடையது. அப்பா முதல் சூளையை இயக்குகிறார்; இருபத்திரண்டு வருட வெக்கையில் புருவத்தில் பாதி போய்விட்டது. நான் மாடியில் புள்ளிவிவரம் பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சூளைக்கும் மாடிக்கும் நடுவே பதினெட்டே படி. அதை ஏற நான் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

போன மாதம் ஓடுகள் விரிசல் விட்டன. தர மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு படம் வரையச் சொன்னார். எதைக் காட்டினாலும் சிவப்பு விளக்குக் குச்சியால் காட்டுவதால் அவருக்கு ‘லேசர்’ என்று பெயர். கிடையாக வெப்பம், ஆயிரம் டிகிரியிலிருந்து ஆயிரத்து இருநூறு வரை. நெடுக்காகச் சுடும் நேரம். விரிசல் குறைந்த இடம் பச்சை, கூடின இடம் சிவப்பு. அதன் மேல் அப்பாவின் சூளை ஓடும் வெப்பத்துக்கு ஒரு கோடு, நேரத்துக்கு ஒரு கோடு.

“ரெண்டாம் சூளைக்கும் போடவா சார்?”

“அது வேணாம். அது நானே பாத்துப் பாத்து வச்ச செட்டிங்.”

முதல் சூளைக்கு மட்டும் போட்டேன். கோடுகள் இரண்டும் நட்டநடுச் சிவப்பில் வெட்டிக்கொண்டன. கணக்கு கணக்குதான் என்று பெரிய நீதிமான் மாதிரி அனுப்பி வைத்தேன்.

காலை பதினொரு மணிக்குக் கூட்டம். அப்பா தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, கையுறையைப் பையில் திணித்தபடி ஓரமாக நின்றார். சுவர் முழுக்க என் படம். லேசர் குச்சியைச் சுழற்றினார்.

“பாருங்கம்மா, முதல் சூளை செவப்புல நிக்குது. பெரியவர் பேக்கிங்குக்குப் போயிரட்டும். இதை வரைஞ்சதே அவர் பொண்ணுதான், பாரபட்சம்னு யாரும் வாய் திறக்க முடியாது.”

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. தரையைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், படத்தின் அடியைப் பார்த்தேன். அப்பா ஓட்டுவது ஆயிரத்து நூற்றுப்பத்தில். என் கோட்டின் கால் நின்றதோ ஆயிரத்து நூற்றுநாற்பதைத் தாண்டி.

“ஐயோ, கோடு தப்பு!” என்று கத்திவிட்டேன்.

“நீதானம்மா போட்ட?” என்றார் முதலாளியம்மா.

“நான்தான்மா. தப்பாப் போட்டுட்டேன்.”

லேசர் சிரித்தார். “அப்பான்னதும் கோடே நகருது பாருங்க!”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கோபத்தோடு எப்படிச் சிரிப்பும் வந்ததோ தெரியாது. தவறு எங்கே என்று புரிந்துவிட்டிருந்தது. மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன்.

“எந்த வெப்பம் வேணா சொல்லுங்க சார். உங்க எண்ணுக்கே கோடு போடறேன்.”

“ஆயிரத்து இருநூறு. கடைசி எண். அதுக்கு மேல படத்துல இடமே கிடையாது, ஏமாத்த முடியாது.”

தட்டினேன். கோடு படத்தை விட்டு வெளியே குதித்து, வலப்பக்கம் நிறங்களுக்கு விளக்கம் சொல்லும் வண்ணப் பட்டையின் மேல் ஏறி நின்றது.

முதலாளியம்மாவுக்கு டீ புரையேறியது. “அது என்னம்மா, வேலி தாண்டிடுச்சு?”

“படத்தை வரைஞ்சு முடிச்சப்புறம் தனியாக் கோடு போட்டேன்மா. அப்படிப் போட்டா கம்ப்யூட்டர் அந்தப் பட்டையையும் படம்னு நினைச்சுச் சேத்து அளந்துருது. எண் கூடக் கூட, வலப்பக்கம் விலகிட்டே போகும். படம் வரையற கட்டளைக்குள்ளயே, அச்சுக்கோடு போடற இடத்துல கோட்டையும் எழுதணும். எனக்குத் தெரியும். கழுதை மாதிரி மறந்துட்டேன்.”

கோடு போடும் வரியை வெட்டிக் கட்டளைக்குள்ளே ஒட்டினேன். அவசரத்தில் இரண்டு முறை அடைப்புக்குறியைக் கோட்டை விட்டேன். மூன்றாம் முறை அப்பாவின் கோடு சரியாக ஆயிரத்து நூற்றுப்பத்தில் காலூன்றியது. வெட்டும் புள்ளி பச்சை, நல்ல தளதளவென்ற பச்சை. நான் நாற்காலியிலிருந்து எம்பிக் குதித்ததில் மேசை இடித்து முழங்கால் வீங்கியது. அப்போது தெரியவே இல்லை.

“அப்ப விரிசல் எங்கேருந்து வருது?” என்றார் முதலாளியம்மா.

“ரெண்டாம் சூளைக்கும் போடட்டுமாம்மா?”

“அது வேண்டாமே...” என்றார் லேசர்.

“போடு” என்றார் முதலாளியம்மா.

ஆயிரத்து நூற்றுநாற்பத்தைந்து. கோடு சிவப்பின் நடுவில் போய் உட்கார்ந்தது. சுவரில் ஆடிக்கொண்டிருந்த லேசர் புள்ளி அணைந்தது.

“பெரியவரே, நீங்க சூளைக்குப் போங்க” என்றார் முதலாளியம்மா. “ரெண்டாவதையும் ஒரு கண்ணு பாத்துக்கங்க.”

பதினெட்டுப் படியையும் நொண்டிக்கொண்டே அப்பாவோடு தாவி இறங்கினேன். கீழே வந்ததும் அவர் கையுறையை மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன்டி, அந்தக் கோட்டை அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தா? எத்தனையில ஓட்டுறேன்னு எனக்குத் தெரியாதா?”

“கேட்டிருக்கணும்பா.”

“தினம் இதே வழியாத்தானே மேல போற.”

சிரிப்பை அடக்க முடியாமல் சூளைச் சுவரில் சாய்ந்துவிட்டேன். “அங்க சாயாதே, சுடும்!” என்று அவர் கத்துவதற்குள் முதுகு சுட்டுவிட்டது.