தேசிக்காய்க்குப் போகாத கறை

சொல்லிச் சொல்லி ஜீவராஜுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். செவிடன் காதில் ஊதின சங்கு. அவன் என்ன தங்கமா கேட்டான், வெள்ளியா கேட்டான்? கையைக் கழுவிவிட்டு நகத்தைப் பாருங்கள் என்றான், அவ்வளவுதான். அதற்குத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீடுகளில் இருந்த பெண்கள், கைரேகை சாஸ்திரம் எப்போது படித்தீர்கள் என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அவன் மனைவி நாகலெட்சுமியின் பெருவிரல் நகத்துக்கடியில் கறுப்பாய் ஒரு கோடு ஓடியது. கொழுந்து பறிக்கிற விரல் கறுக்காமல் சிவக்கவா செய்யும்? கறை என்றாள் அவள். கறை என்றான் அவனும். கோடு அகன்றது, நகம் பிளந்தது, கறுப்பு தோலுக்கும் இறங்கியது. அப்போதும் மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், இது மெலனோமா, தோலில் வருகிற புற்றுநோய் என்றபோது அது நெஞ்சுவரை போயிருந்தது. வெள்ளைக்காரனுக்கு வெயிலில் வருகிற நோய், இந்தக் குளிருக்குள் எங்கள் கறுத்த தோலுக்கு எப்படி வரும் என்று ஜீவராஜ் சண்டை பிடித்தான். நம் ஆட்களுக்கு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கடியிலும்தான் அதிகம் வரும், அதற்கு வெயில் தேவையில்லை, நேரத்தோடு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். பாவி மனுஷி போய்ச் சேர்ந்தாள்.

அன்றிலிருந்து ஜீவராஜ் கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் ஒரு பை தேசிக்காயோடு நிற்கிறான். கல்யாணத்துக்குப் போகும்முன் பெண்கள் இந்த எலுமிச்சையைத் தேய்த்துத்தானே விரல் கறையைப் போக்குகிறார்கள்? அதை மற்ற நாளிலும் செய்யச் சொன்னான். போனால் கறை, போகாவிட்டால் டாக்டர். சிலர் தேய்த்தார்கள். பலர் வாங்கிக்கொண்டுபோய் ஊறுகாய் போட்டார்கள். ஊறுகாய்! அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் கிடக்கட்டும். நாகலெட்சுமியின் சொந்தத் தங்கச்சி வினோதா, பக்கத்து லயத்தில் இருப்பவள், அவளுக்காவது புத்தி வேண்டாமா? கொழுந்து பறிக்கும்போது விரலில் சுற்றுகிற துணியை மற்றவர்கள் மலையை விட்டு இறங்கியதும் அவிழ்த்துவிடுவார்கள். இவள் வீட்டிலும் அவிழ்க்கவில்லை. கேட்டால் வெட்டுக்காயம் என்பாள், அடுப்பில் சோறு என்பாள், நழுவிவிடுவாள்.

மலையில் வேலையில்லாத ஒரு காலையில் அவள் வீட்டுக்கே போனான். துணி சுற்றிய விரலோடு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"அக்கா செத்தத கண்ணால பாத்தும் ஒனக்கு புத்தி வரலயா புள்ள?"

வினோதா துருவுவதை நிறுத்தினாள். துணியை மெல்ல அவிழ்த்தாள். நகத்தின் நடுவே கறுப்பாய் ஒரு கோடு.

"தேசிக்கா வேணாம் மச்சான். அக்காவ எடுத்த அன்னிக்கே தேச்சுப் பாத்துட்டேன். போகல."

"அப்பறம் ஏன் புள்ள சொல்லல?"

"நீங்க பாத்துட்டா அது கறை இல்லன்னு ஆயிருமே."

வாய்வரை வந்த திட்டெல்லாம் ஜீவராஜுக்கு வற்றிப்போயிற்று. கோடெல்லாம் அந்த நோயில்லை, ஆனால் டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றான். தலவாக்கலை பஸ் வருகிற நேரம், செருப்பைப் போடு என்றான்.

வழியில் பைப்படியில் நின்ற பெண்கள், இன்றைக்கு யாருக்கு ஜோசியம் என்று கேட்டார்கள். வினோதா நின்றாள். பெருவிரலை அவர்கள் முன்னால் நீட்டினாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஜீவராஜின் பைக்குள் கைவிட்டு ஒரு தேசிக்காயை எடுத்தாள்.