தோற்பதற்குச் சம்பளம்

தோற்பதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிற தொழில் எங்கேயாவது உண்டா? டென்னிஸில் உண்டு. பெரிய ஆட்டக்காரிகள் தினமும் காலையில் அடித்துப் பழகுவதற்கு ஓர் ஆள் வைத்துக்கொள்வார்கள். அந்த ஆள் பந்தை அவர்களுக்கு வாகான இடத்தில், வாகான உயரத்தில் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜெயித்துத் தொலைக்கக் கூடாது. ஜெயித்தால் அம்மணிக்கு மூடு கெடும். மூடு கெட்டால் அன்றைய ஆட்டம் கெடும். அப்புறம் பழி யார் தலையில் விழும் என்று நான் சொல்லவா வேண்டும்?

நொட்டாங்கைக்கு அந்த வேலைதான். இடது கையால் ஆடுகிறவள் என்பதால், பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ போய், ஊர் ஊராகச் சுற்றுகிற இந்தக் கூட்டத்துக்கு அவள் நொட்டாங்கை ஆகிவிட்டாள். அவளை வேலைக்கு வைத்திருப்பவளை எல்லாரும் சாம்பியன் என்றே கூப்பிடுவார்கள். அவ்வளவு பெரிய சாம்பியனுக்கும் இடக்கைக்காரிகளின் சர்வீஸ் என்றால் பயம். கோட்டைத் தொட்டுவிட்டு வெளியே வளைந்து ஓடும் பாருங்கள், அந்தப் பந்து. அந்தப் பயத்தைப் போக்கத்தான் நொட்டாங்கையை வைத்தாள். மூன்று வருடம் தினமும் காலையில் அதே சர்வீஸைப் போட்டுப் போட்டு, பயத்தை ஓட்டிவிட்டாள் நொட்டாங்கையும்.

ஆனால் நொட்டாங்கையும் ஆட்டக்காரிதான், வெறும் வேலைக்காரி அல்ல. சாம்பியன் எடுத்துத் தரும் டிக்கெட்டில் போகிற ஊரிலெல்லாம் தானும் பெயர் கொடுத்து, தகுதிச் சுற்றில் ஆடுவாள். பெரும்பாலும் அங்கேயே தோற்றுப் பெட்டி கட்டுவாள். இந்த வாரம் என்ன நேரமோ, தகுதிச் சுற்றைத் தாண்டினாள். முதல் சுற்றில் ஜெயித்தாள். இரண்டாவது சுற்றில் எதிரே யார் என்று பார்த்தால், சாட்சாத் சாம்பியன். கடவுளுக்கு ரொம்பத்தான் குசும்பு.

அன்று காலை ஹோட்டல் அறையில் அவளுடைய அண்ணன் குளியலறைத் தொட்டியில் அவள் காலுறைகளைக் கசக்கிக்கொண்டிருந்தான். கோச், சமையல்காரன், சலவைக்காரன் எல்லாம் அவன்தான்.

"நேத்து லிஃப்ட்ல அந்தம்மாவோட மேனேஜரைப் பார்த்தேன். அடுத்த வருஷம் உன்னை வெச்சுக்கிறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலையாம். 'தங்கச்சியைப் பார்த்து ஆடச் சொல்லு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போறான்."

"பார்த்துத்தான் ஆடுவேன். கண்ணை மூடிக்கிட்டா ஆடுவாங்க?"

"விளையாடாதடி. டிக்கெட் அவங்களுது, இந்த ரூம் அவங்களுது. வேலை போச்சுன்னா நாம ஊர் ஊராப் போறதே நின்னுடும். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமா?"

"உண்டதுக்கு ஒழுங்கா உழைச்சிருக்கேண்ணே. காலையில தோக்கத்தான் சம்பளம். மத்தியானம் தோக்கறதுக்கு எவன் தர்றான்?"

"அப்ப ஜெயிச்சிடுவேன்னு நினைக்கிறியா?"

"நினைக்கல. தெரியும்."

கொழுப்பு என்று தோன்றும். தோன்றட்டுமே. வாராவாரம் ஒருத்தியைத் தவிர மற்ற அத்தனை பேரும் தோற்றுவிட்டுப் போகிற தொழில் இது. அடுத்த திங்கட்கிழமை 'இந்த வாரம் நான்தான்' என்று எழுந்திருக்க முடியாதவள் இதில் ஒரு வருடம்கூடத் தாங்க மாட்டாள். நொட்டாங்கை பத்து வருடமாக அப்படித்தான் எழுந்திருக்கிறாள்.

ஆனால் மைதானத்தில் இறங்கியதும் ஒரு கூத்து நடந்தது. மனசு ஜெயிக்க வந்திருந்தது. கையோ வழக்கம்போல வேலைக்கு வந்திருந்தது. சாம்பியனுக்கு இடுப்பு உயரத்தில் வலப்பக்கம் வரும் பந்து என்றால் அல்வா. நொட்டாங்கையின் கை, கேட்காமலே அந்த அல்வாவை எடுத்து ஊட்டியது. ஒருமுறை சாம்பியன் ஒரு மூலையில் தடுமாறி நிற்கிறாள், மறுபக்கம் முழுதும் காலி. நம்மாள் பந்தை எங்கே அடித்தாள்? சாம்பியன் நிற்கிற இடத்துக்கே! பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

முதல் செட்டின் கடைசிப் பந்தைச் சாம்பியன் கோட்டின் மேல் பளாரென்று அடித்தாள். நொட்டாங்கையின் வாயிலிருந்து தன்னாலே வந்தது: "சூப்பர்க்கா!"

நடுவர் குனிந்து பார்த்தார். முன்வரிசையில் சிரிப்பு. சாம்பியன் சிரிக்கவில்லை. தினமும் காலையில் செய்வதுபோல, சரி சரி என்று லேசாகத் தலையை ஆட்டிவிட்டு நாற்காலிக்குப் போனாள். ஆறுக்கு இரண்டு.

அந்தத் தலையாட்டல்தான் நொட்டாங்கைக்குச் சுருக்கென்று தைத்தது. தோற்ற செட்டைவிட அது வலித்தது. மூஞ்சியில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்துப் படிக்கட்டிலிருந்து அண்ணன் எட்டிப்பார்த்தான். "போதும்மா. மரியாதையாத் தோத்துட்டா வேலையாவது மிஞ்சும்."

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "வாயை மூடிக்கிட்டுக் கையைத் தட்டுண்ணே."

துண்டுக்குள் அவள் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். மூன்று வருடத்தில் இவளுக்கு என்னென்ன பந்து போட்டுக் கொடுத்தோம்? எதைப் போடவே இல்லை? யோசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் ஒருநாள்கூட நொட்டாங்கை வலைக்கு முன்னால் வந்ததில்லை. வலைக்கு வந்தால் பந்து முடிந்துவிடும். முடிக்கிறது அவள் வேலை இல்லையே. வலையைத் தாண்டியதும் சொத்தென்று விழுகிற சின்னப் பந்தையும் போட்டதில்லை. ஓடவிட்டால் அம்மணிக்கு மூச்சு வாங்கும் என்று மேனேஜர் தடுத்திருந்தான்.

இரண்டாவது செட்டில் முதல் பந்தே சொத்தென்று விழுந்தது. சாம்பியன் நின்ற இடத்திலிருந்தே முறைத்தாள். இது என்ன புதுசா என்கிற முறைப்பு. அடுத்த பந்துக்கு நொட்டாங்கை வலைக்கே ஓடி வந்துவிட்டாள். சாம்பியன் திகைத்துப்போய் வெளியே அடித்தாள். அதற்கப்புறம் நொட்டாங்கையைப் பிடிக்க முடியவில்லை. கை பழைய இடத்துக்குப் போகப் பார்க்கும்போதெல்லாம் கால் முன்னால் ஓடியது. கால் ஓடினால் கையும் பின்னாலேயே வந்துதானே ஆக வேண்டும். ஆறுக்கு நாலு. செட் அவளுக்கு. மூன்றாவதில் சாம்பியன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். சும்மா சொல்லக் கூடாது, அருமையாக ஆடினாள். அப்படியும் ஐந்துக்கு நாலு நொட்டாங்கை பக்கம். சர்வீஸும் அவளுடையது. இன்னும் ஒரே பாயின்ட்.

எங்கே போடுவது? இடப்பக்கம் நின்று வெளியே வளைத்துப் போடுகிற அந்தச் சர்வீஸ்தான் அவள் சொத்து. ஆனால் அதைச் சாம்பியன் தூக்கத்தில்கூடத் திருப்பி அடிப்பாள். அடிக்கக் கற்றுக்கொடுத்ததே இவள்தானே. படிக்கட்டிலிருந்து அண்ணன், "வேற! வேற போடு!" என்று கையைக் கையை ஆட்டினான்.

அவள் வேறு போடவில்லை. சாம்பியனுக்குத் தன் சர்வீஸ் தெரியும் என்றால், அதைச் சாம்பியன் எங்கே திருப்பி அடிப்பாள் என்பது தனக்குத் தெரியாதா? உலகத்தில் வேறு எவளுக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். மூன்று வருடமாக அந்தப் பந்தை ஓடி ஓடி எடுத்தவள் அவள். மேலும் காலை நேரத்தில் போட்டதெல்லாம் முக்கால் வேகம். முழு வேகத்தைச் சாம்பியன் இன்னும் பார்க்கவில்லை.

பந்தைத் தூக்கிப் போட்டு, தோளில் இருந்த அத்தனையையும் சேர்த்து அடித்தாள். அடித்த கையோடு வலைக்கு ஓடினாள். சாம்பியன் எட்டிப் பிடித்து, எப்போதும் அடிக்கிற அதே குறுக்குத் திசையில் அடித்தாள். பந்து வருவதற்கு முன்பே நொட்டாங்கை அங்கே நின்றுகொண்டிருந்தாள். காலியாகக் கிடந்த பக்கத்தில் மெல்லத் தட்டிவிட்டாள்.

அண்ணன் எழுந்து கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்தவர் குடித்துக்கொண்டிருந்த காபி சட்டையில் கொட்டியது. சம்பளம் போய்விடுமே என்கிற கவலையெல்லாம் அந்த நேரத்தில் அவனுக்கு எங்கே ஞாபகம் இருந்தது!

நொட்டாங்கைக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வலைக்கு வந்து கையை நீட்டினாள். சாம்பியன் விரல்நுனியைத் தொட்டும் தொடாமலும் கை குலுக்கினாள். முகம் கல்லாக இருந்தது.

"நாளையிலேருந்து நீ காலையில வர வேண்டாம்."

நொட்டாங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். கோபமே வரவில்லை.

"நாளைக்கு எப்படிக்கா வர முடியும்? எனக்கு மேட்ச் இருக்கே."